காரணம்: சொந்த வேலை

கழிப்பறைத் தடுப்பின் அடியில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதன் வழியே காலர் ஒரு காலிப் பிளாஸ்டிக் கிண்ணத்தைத் தள்ளினாள். சற்று நேரத்தில் அது பாதி நிரம்பி, வெதுவெதுப்பாக, அதே வழியில் திரும்பி வந்தது. கூடவே பக்கத்து அறையிலிருந்து செக்கிங் அக்காவின் குரல்.

"சிந்திடாதடி. காலையிலேர்ந்து ரெண்டு பாட்டில் தண்ணி குடிச்சுச் சேத்து வச்சது."

காலருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு கையில் கிண்ணம், ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். பிறகு, தாழ்ப்பாள் போட்ட அறைக்குள் யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்புகூட வராமல், வயிற்றிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். இந்தச் சில வாரங்களில் பழகிய பயம் அது.

கேட்டு முகம் சுளிக்காதீர்கள், கண்ணுகளா. நாம் போட்டுக்கொண்டு திரிகிற சட்டை இந்த வழியாகத்தான் வருகிறது.

அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் ஒவ்வொரு பெண்ணையும் அவள் தைக்கிற பாகத்தை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். காலர் தைப்பவள் காலர். பை தைப்பவள் பாக்கெட். கடைசி மேசையில் நின்று, முடிந்த சட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துப் பிசிறு நூலை வெட்டுகிறவள் செக்கிங் அக்கா. "ஏய் பாக்கெட், உன் வீட்டுக்காரர் கேட்ல நிக்கிறாரு, போய் மூஞ்சியைக் காட்டிட்டு வா" என்று லைன் முழுக்கக் கேலி பறக்கும். மெஷின் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும் என்பதால் ரகசியம் பேச அங்கே ஒரே இடம் கழிப்பறைதான்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒப்பந்தம் புதுப்பிப்பார்கள். அதற்கு முன்னால் மெடிக்கல். "சுகர் இருக்கா, உப்பு இருக்கான்னு பாக்கிறோம்மா, எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்" என்று ஆபீஸ் மேடம் இனிக்க இனிக்கச் சொல்லி ஆளுக்கொரு கிண்ணம் கொடுப்பாள். அவர்கள் பார்ப்பது சுகரும் இல்லை, உப்பும் இல்லை. கர்ப்பம் பார்க்கும் அட்டையில் ஒரு கோடு வந்தால் வேலை உண்டு. இரண்டு கோடு வந்தால் ஓய்வு. ஓய்வு என்றால் ஏதோ கட்டிலில் படுத்துக் கால் நீட்டுவது என்று நினைத்துவிடாதீர்கள். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன்' என்று ஏற்கெனவே அச்சடித்து வைத்திருக்கிற காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவது.

அதனால்தான் லைனில் அந்த வழக்கம் வந்தது. வயிற்றில் ஒன்றும் இல்லாதவள், இருக்கிறவளுக்காகக் கிண்ணத்தை நிரப்பிக் கொடுப்பாள். இரண்டு வருடமாக அந்தப் பொறுப்பு செக்கிங் அக்காவிடம். அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. பெரிய பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கைந்து மாதமாக வீட்டு விலக்கும் நின்று போயிருந்தது. "தொல்லை விட்டுதுடி" என்று லைனுக்கே மிட்டாய் கொடுக்காத குறையாகச் சொன்னவள். "வத்திப்போன கிணறுடி இது. யார் வேணும்னாலும் வந்து மொண்டுக்கலாம்."

இந்த முறை மொண்டுகொள்ள வந்தது காலர் மட்டும்தான். பாக்கெட் அன்றைக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டிருந்தாள்.

காலருக்கு இது இரண்டாவது. முதலாவதை அவள் வேறொரு தொழிற்சாலையில் ஏப்ரனுக்கு அடியில் ஆறு மாதம் ஒளித்து வைத்திருந்தாள். ஒளித்து வைத்த காலத்தில் கால் வீங்கியது, முகம் வெளுத்தது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒளிக்க முடியாத அளவுக்கு வயிறு வந்த பிறகு முதன்முதலாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். உடம்பில் ரத்தமே இல்லை என்றார்கள். சீட்டிலிருந்து தலையைத் தூக்காமலே டாக்டர் சொன்னார்: "முன்னாடியே வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்." ஏழாம் மாதம் குழந்தை அசைவதை நிறுத்தியது.

அதற்குப் பிறகு எத்தனை பேர் அந்த வார்த்தையைச் சொன்னார்கள்! ஏன் முன்னாடியே போகலை? மாமியார் கேட்டாள். நாத்தனார் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரி, துணி காயப் போட வந்த இடத்தில், கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டே கேட்டாள். அவளை மெஷினை விட்டு அரை மணி நேரம் எழுந்திருக்க விடாத அந்தப் பழைய தொழிற்சாலை மாஸ்டர்கூட, கணக்கு முடிக்கப் போனபோது, "ஏம்மா, முன்னாடியே காட்டியிருக்கக் கூடாதா?" என்று வருத்தப்பட்டான். அவன் வருத்தப்பட்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஆகவே இந்த முறை, கடையில் வாங்கிய அட்டையில் இரண்டு கோடு தெரிந்த அன்றே அவள் முடிவு செய்துவிட்டாள். பன்னிரண்டு வாரத்துக்குள் ஆஸ்பத்திரிச் சீட்டில் தன் பெயர் ஏற வேண்டும். வானமே இடிந்து விழுந்தாலும் சரி.

வானம் இடியவில்லை. அதைவிட அற்பமான விஷயங்கள்தான் குறுக்கே வந்தன.

கர்ப்பிணிகளை முதல்முறை பதிவது செவ்வாய்க்கிழமை மட்டும், அதுவும் காலை பதினோரு மணி வரை. அந்த நேரத்தில் வெளியே போகக் கேட் பாஸ் வேண்டும். கேட் பாஸில் 'காரணம்' என்று ஒரு கட்டம். எல்லோரும் 'சொந்த வேலை' என்று எழுதுவார்கள். ஆனால் திரும்பி வரும்போது எங்கே போனாய் என்பதற்கு ஒரு சீட்டைக் காட்ட வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டிலோ, ஊதா மையில், உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஒரு முத்திரை: கர்ப்பிணிப் பிரிவு. அதைக் காட்டினால் வேலை போகும். காட்டாவிட்டால் சொல்லாமல் ஓடிப்போன கணக்கில் எழுதுவார்கள், அப்போதும் வேலை போகும்.

ஏழாவது வாரம் எப்படியோ ஒரு முறை போய்விட்டாள். வரிசையில் நின்று உள்ளே போனதும் நர்ஸிடம் தணிந்த குரலில் கேட்டாள்.

"முத்திரை இல்லாம ஒரு சீட்டு குடுப்பீங்களா, சிஸ்டர்?"

"இருக்கிறதே ஒரு முத்திரைதாம்மா. உனக்குன்னு நான் என்ன பூப்போட்டா செஞ்சு தர முடியும்? சரி, வீட்டுக்காரர் அடையாளக் கார்டு எங்க?"

"அவரு வரலை, சிஸ்டர்."

"அவர் வேணாம், கார்டு வேணும். அது இல்லாம பதிய முடியாது. அடுத்த செவ்வாய் கொண்டு வா."

அடுத்த செவ்வாய்! இந்தச் செவ்வாயை எப்படிப் பிடித்தாள் என்று அந்த நர்ஸுக்கு என்ன தெரியும்?

புருஷன் நல்லவன்தான். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். "அதுக்கென்ன, கார்டை எடுத்துட்டு நீயே போயிட்டு வந்துடு" என்றான், ஏதோ தெருமுனைக் கடைக்குப் போய்வருவது போல. மாமியார் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "மூணு மாசம் முடியட்டும். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே. ஆஸ்பத்திரி, கீஸ்பத்திரின்னு அலையாதே. போன தடவை எல்லாருக்கும் சொன்னதாலதான் அப்படி ஆச்சு." போன தடவை யாரிடமும் சொல்லாததால்தான் அப்படி ஆனது என்று காலருக்கு நாக்கு நுனி வரை வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அதையெல்லாம் அவள் சொல்லி அழுதது செக்கிங் அக்காவிடம்தான். அக்கா கத்திரியால் மேசையைத் தட்டித் திட்டினாள்.

"அழுறதுக்கு நேரமிருக்கு, ஆஸ்பத்திரி போக நேரமில்லையா? இந்த மெடிக்கல் முடியட்டும். ஆறு மாசத்துக்கு உன்னை அசைக்க முடியாது. அதுக்கு அடுத்த நாள் செவ்வாய்தானே? உன் மெஷின்ல நான் உக்கார்றேன். நீ பின்பக்கமா ஓடு. உடம்பைப் பாத்துக்கணும்டி. நாம பாக்கலைன்னா எவன் பாப்பான்?"

இதைச் சொல்லும்போது அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டியூப் லைட் வெளிச்சத்தில் தலைவலி என்றாள். பத்து மணி நேரம் நிற்கிற கால், வீங்காமல் என்ன செய்யும் என்றாள். கொஞ்சம் சதை போட்டிருந்தது. வயசுக்கு வருகிற தொந்தி என்றாள். அவள் உடம்பு ஒவ்வொன்றாகச் சொன்னதற்கெல்லாம் அந்தத் தொழிற்சாலை ஒரு பதில் வைத்திருந்தது.

திங்கட்கிழமை மெடிக்கல் முடிந்தது. செவ்வாய் காலை எட்டேகாலுக்கு ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. காலரையும் செக்கிங் அக்காவையும் கூப்பிடுகிறார்கள்.

ஆபீஸ் மேடத்தின் மேசையில் ஒரு டிஷ்யூ காகிதம். அதன்மேல் இரண்டு அட்டைகள். இரண்டிலும் இரண்டிரண்டு கோடு. பக்கத்தில் லைன் மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"ரெண்டு பேருக்கும் வாழ்த்துகள்" என்றாள் மேடம்.

காலர் ஒவ்வொரு கோடாக எண்ணினாள். நாம் கொடுத்தது அக்காவுடையதுதானே, அப்புறம் எப்படி? எங்கே மாறியது? அக்காவோ பளிச்சென்று சிரித்துவிட்டாள்.

"எனக்கா? நல்லா இருக்கே மேடம்! எம் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துட்டிருக்கேன். உங்க அட்டைதான் கெட்டுப் போச்சு."

"ரெண்டு தடவை பாத்தாச்சு" என்றான் மாஸ்டர். வாய்க்குள்ளேயே சிரித்தான். "வீட்ல அண்ணன் இன்னும் ஓவர்டைம் பாக்கிறாரு போல."

யாரும் சிரிக்கவில்லை. அக்காவின் சிரிப்பும் பாதியில் நின்றது. காலர் அப்போதுதான் அக்காவின் காலைப் பார்த்தாள். செருப்பு வாரைக் கடைசித் துளை வரை தளர்த்திப் போட்டிருந்தாள். அப்படியும் வார் சதைக்குள் பதிந்து, அச்சு விழுந்திருந்தது. அவளுக்கு அந்த அச்சு தெரியும். அதே அச்சு, போன முறை, அவள் காலில் இருந்தது.

நாற்காலியைத் தடவிப் பிடித்து அக்கா உட்கார்ந்தாள். "ஏண்டி… அப்போ இவ்வளவு நாளா இது…" என்றாள். கை ஏப்ரன் மேல் மெல்ல வந்து நின்றது, தன் வயிறுதானா என்று பார்ப்பது போல.

பொய் சொல்லப் போன கிண்ணம் இரண்டு பேருடைய உண்மையையும் ஒன்றாகப் போட்டு உடைத்துவிட்டது.

மேடம் இரண்டு காகிதங்களை முன்னால் தள்ளினாள். "கையெழுத்துப் போட்டுட்டு வீட்ல போய் நல்லா ஓய்வெடுங்க."

காலர் சுவரைப் பார்த்தாள். எட்டு முப்பத்தைந்து. இருபத்தைந்து நிமிடப் பேருந்து, பிறகு வரிசை.

"கையெழுத்து அப்புறம் பேசிக்கலாம். கேட் பாஸ் குடுங்க சார். அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். நானும் காட்டணும்."

"கையெழுத்துப் போட்டா கேட் பாஸே தேவையில்லையே."

"போட மாட்டேன்."

தன் குரலா அது என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. மாஸ்டர் மேடத்தைப் பார்த்தான். மேடம், போகட்டும் விடு என்பது போலக் கண்ணைக் காட்டினாள். அவன் கேட் பாஸ் புத்தகத்தைப் பிரித்துப் பெயர் எழுதினான், நேரம் எழுதினான், காரணம் என்ற இடத்தில் வழக்கம்போல 'சொந்த வேலை' என்று எழுதத் தொடங்கினான்.

"அப்படி எழுதாதீங்க சார். கர்ப்பம்னு எழுதுங்க."

பேனா நின்றது.

"அதெல்லாம் எழுதற வழக்கமில்லை."

"ஏன்? ரெண்டு தடவை பாத்தாச்சுன்னு சொன்னீங்களே. பாத்ததை எழுதுங்க."

"அப்படியெல்லாம் எழுதக் கூடாதும்மா" என்று மேடம் அவசரமாகக் குறுக்கிட்டாள். "நாங்க இந்த டெஸ்ட் எடுத்ததே சட்டப்படி…" அதோடு உதட்டைக் கடித்துக்கொண்டாள். டிஷ்யூ காகிதத்தின் நான்கு முனையையும் மடித்து, அட்டைகளை மூடினாள்.

காலர் அந்த மடிப்பையே பார்த்தாள். இத்தனை நாள் அவள் இவர்களுக்குப் பயந்து மறைத்த வார்த்தையை எழுத இவர்களுக்கும் பயம்! மாஸ்டர் 'சொந்த வேலை' என்றே எழுதிக் கிழித்த இரண்டு சீட்டுகளையும் அவள் பிடுங்கிக்கொண்டு, அக்காவின் தோளில் கை கொடுத்து வெளியே வந்தாள். காகிதங்கள் கையெழுத்தில்லாமல் மேசை மேலேயே கிடந்தன.

பேருந்தில் அக்கா ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். "கண்ணுல பூச்சி பறக்குதுடி" என்றாள் ஒரு முறை. இன்னொரு முறை, கண்ணைத் திறக்காமல், "எம் பொண்ணு மூஞ்சியில எப்படிடி முழிப்பேன்?" என்றாள். ஆஸ்பத்திரி வாசலில் நான்கு படி. நான்குக்கும் நான்கு முறை நின்றாள்.

பத்தே முக்காலுக்கு முறை வந்தது. அதே நர்ஸ். அக்காவின் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். "இருபத்திரண்டு வாரம் இருக்கும்" என்றாள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். முள்ளைப் பார்த்தவள் காற்றை இறக்கிவிட்டு மறுபடி அடித்தாள். முகம் மாறியது. "பிரஷர் நூத்தி எழுபது, நூத்திப் பத்து. யூரின் பிடிச்சுட்டு வாங்க, சீக்கிரம்." கிண்ணம் வந்தது. அதில் ஒரு குச்சியை முக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். குச்சி கரும்பச்சையாக மாறிக்கொண்டு போனது.

"உப்பு மூணு ப்ளஸ் போகுது. தலைவலி இருந்திருக்கும், கால் வீங்கியிருக்கும். ஏம்மா, ரெண்டு பெத்தவங்கதானே நீங்க? இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க? முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?"

அக்கா குற்றம் செய்த பிள்ளை மாதிரி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் காலருக்குள் இருந்த அணை உடைந்தது.

"என்ன பண்ணிட்டிருந்தாங்களா? நின்னுட்டிருந்தாங்க சிஸ்டர். பத்து மணி நேரம் நின்னுட்டிருந்தாங்க. நேத்து இதே யூரினை ரெண்டு கிண்ணத்துல பிடிச்சுக் கொண்டு போய்க் குடுத்தோம். சுகர் பாக்கிறோம், உப்பு பாக்கிறோம்னுதான் வாங்கினாங்க. அதுலயும் இந்த உப்பு இருந்திருக்கும்ல? ஒரு குச்சி! இந்த ஒரு குச்சியை அதுல முக்க ஒருத்தருக்கும் கை வரலை. யாரை வெளிய அனுப்பலாம்னு மட்டும் பாத்தாங்க. நீங்க செவ்வாய்தான் பாப்பீங்க, பதினோரு மணி வரைக்கும்தான் பாப்பீங்க, கார்டு இல்லாம பாக்க மாட்டீங்க. எல்லாருமா சேந்து எல்லாக் கதவையும் சாத்திட்டு, ஏண்டி முன்னாடியே வரலைன்னு எங்களையே கேப்பீங்க!"

வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நர்ஸ் குச்சியைக் கீழே வைத்தாள். போனை எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி வேண்டும் என்றாள். பிறகு புதுச் சீட்டு ஒன்றை எடுத்துக் காலரிடம் பெயர் கேட்டாள், வயது கேட்டாள், கடைசியாகக் குளித்த தேதி கேட்டாள்.

"வீட்டுக்காரர் கார்டு…" என்று காலர் இழுத்தாள். எடுத்து வராதது அப்போதுதான் நினைவு வந்தது.

"பரவாயில்லை. அப்புறம் கொண்டு வா."

அப்படியானால் மூன்று வாரத்துக்கு முன்பும் அப்புறம் கொண்டு வரச் சொல்லியிருக்கலாம். அவ்வளவு எளிது அது. ஒரு வாய் வார்த்தை. காலருக்கு மறுபடியும் கத்தத் தோன்றியது. கத்த உடம்பில் தெம்பில்லை. நர்ஸ் முத்திரையை மையில் ஒற்றி, சீட்டின்மேல் வைத்து, எழுந்து நின்று அழுத்தினாள். பத்தாவது வாரம்.

வண்டியில் ஏற்றும்போது அக்கா காலரின் கையை விடவில்லை.

"கிணறு வத்தலைடி, பாத்தியா" என்றாள். உதடு சிரித்தது, கண் பயந்திருந்தது. "பொண்ணுக்குப் போன் பண்ணு. திட்டினா வாங்கிக்கோ. அப்புறம், என் கத்திரி மேசையிலயே இருக்கு. எடுத்து வைடி. பத்து வருசமா கைக்குப் பழகினது. எவளாவது தூக்கிட்டுப் போயிடுவா."

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல சிஸ்டர்?" என்று காலர் கேட்டாள். வண்டியில் அக்காவோடு ஏறிய நர்ஸ், "இப்பவாவது கொண்டு வந்தீங்களே" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

போனில் அக்காவின் மகள் திட்டவில்லை. "அம்மாவுக்கா?" என்றாள். பிறகு எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டாள், அழுகிற குரலில்.

தொழிற்சாலை வாசலுக்குக் காலர் வந்தபோது மணி ஒன்று ஆகவில்லை. கேட்டுக்கு எதிரே நின்று, ஏப்ரன் ஓரத்தில் எப்போதும் குத்தி வைத்திருக்கும் குண்டூசியை உருவினாள். மடித்து வைத்திருந்த சீட்டைப் பிரித்து, முத்திரை வெளியே தெரிகிறபடி, தன் சட்டைக் காலரில் குத்திக்கொண்டாள்.

வாட்ச்மேன் கேட் பாஸை வாங்கிப் பார்த்தார். காரணம்: சொந்த வேலை. நிமிர்ந்தவரின் பார்வை ஊதா வட்டத்தில் நின்றது.

"இதை மடிச்சு உள்ள வைம்மா" என்றார் தாழ்ந்த குரலில். "ஆபீஸ்ல பாத்தாங்கன்னா…"

"பாக்கட்டும்ண்ணே."

அவர் தயங்கினார். பின்னால் ஆபீஸ் ஜன்னலைப் பார்த்தார். பிறகு சின்னக் கதவைத் திறந்துவிட்டு, வேறு எங்கோ பார்ப்பது போலத் திரும்பி நின்றுகொண்டார்.

லைனில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கடைசி மேசையில் ஆள் இல்லை. வெட்டாத நூல்கள் தொங்க, சட்டைகள் குன்றாகக் குவிந்து ஒரு பக்கம் சரியத் தொடங்கியிருந்தன. மேசைக்கு அடியில் அக்காவின் இரண்டு தண்ணீர் பாட்டில்கள், காலியாக. கத்திரி துணிக்கு அடியில் கிடந்தது. காலர் அதைத் தேடி எடுத்து, அதன் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். தூரத்தில் மாஸ்டர் அவளைப் பார்த்துவிட்டு வேகமாக வருவது தெரிந்தது.

பாக்கெட்டின் மெஷின் நின்றது. காய்ச்சல் தீர்ந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்தாள். ஊசி துணியில் பாதி இறங்கி நிற்க, அவள் காலரின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளது வலது கை துணியின்மேல் இருந்தது. இடது கை ஏப்ரனுக்கு அடியில், வயிற்றின்மேல் இருந்தது. மாஸ்டர் பக்கத்தில் வந்துவிட்டான். பாக்கெட் அந்தக் கையை எடுக்கவில்லை.